மாங்காட்டார் சறுக்கல்

பருத்திப்பட்டு ஏரி நிரம்பினால், கலங்கலைத் தாண்டி வழிகிற தண்ணீர் ஓர் ஓடையாகித் தாழம்புதர்களுக்கும் மணல் திட்டுகளுக்கும் நடுவே ஒரு மைல் தூரம் வளைந்து வளைந்து போய்க் கூவத்தில் சேரும். ஐப்பசி பிறந்தால் மாசி வரைக்கும் தண்ணீர் ஓடும். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் வருவதற்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்து ஆட்கள் ரயிலில் வந்து இறங்கி, வண்டி பிடித்து, அங்கே குளிக்க வருவார்கள். கட்டுச்சோறு கொண்டுவந்து மணலில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள்.

அந்த ஓடைக்கு மொத்தமாக ஒரு பேர் கிடையாது. ஆனால் அதன் ஒரு மைல் தூரத்துக்குள் இருபத்தைந்து முப்பது பேர்கள் இருந்தன. அத்தனையும் அக்கா வைத்தவை.

எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவளைவிடப் பத்து வயது மூத்த என் மாமாவும் அப்படித்தான் கூப்பிடுவார். ஜனங்கள் ஓடையைக் கடக்கிற இடத்தில், மேட்டின் மேல் ஒரு புங்கமரம் உண்டு. அதன் வேரில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையும் சக்கரவள்ளிக் கிழங்கும் விற்பாள். நல்ல உயரம். குரல் அக்கரையில் மேய்கிற மாட்டைத் திருப்பிவிடும். கை கிழங்கை எடுத்துக் கொடுக்கும். கண் தண்ணீர் மேலேயே இருக்கும். யாராவது ஓடையில் வழுக்கி விழுந்தால், அவர் எழுந்து வேட்டியைப் பிழிவதற்குள் அந்த இடத்துக்கு ஒரு பேர் வந்துவிடும்.

தாசில்தாரின் தலைப்பாகை தண்ணீரோடு போன இடம் ‘தாசில்தார் மொட்டை’. ஒரு செட்டியார் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு கரையேறிய இடம் ‘செட்டியார் செருப்பு’. பூந்தமல்லியிலிருந்து சபைப் பிள்ளைகளைக் கூட்டிவந்த உபதேசியார், பாட்டுக்குத் தாளம் போட்டபடி பின்புறமாகவே நடந்து மடுவுக்குள் போய்விட்டார். அது ‘உபதேசியார் முழுக்கு’. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “எனக்கு ரெண்டாவது ஞானஸ்நானம் குடுத்த அம்மா” என்று சொல்லி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்காளுக்கு ஒரு தட்டுப் பலகாரம் அனுப்புவார்.

எல்லாருக்கும் அந்த மனசு வருமா? எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு இரண்டு நாழிகை நேரம் மணலில் தவழ்ந்து தேடினார். அது ‘கணக்கர் தவழ்ந்த மணல்’ ஆயிற்று. அவர் நேரிலேயே வழக்குப் பேச வந்தார்.

“ஏம்மா, என் உத்தியோகம் இன்னா, என் வயசு இன்னா? தவழ்ந்தேன்னா பேரு வெக்கறது? விழுந்தார்னாவது வெச்சிருக்கக் கூடாதா?”

“நீங்க வுயலியே சாமி. தவழ்ந்தீங்க. கண்டதத்தான் நான் சொல்வேன். காணாதத சொன்னா என் நாக்கு அயுகிடும்.”

கணக்கப்பிள்ளை ஒரு ரூபாய்க்குக் கிழங்கு வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவு கிழங்கை அவர் வீட்டில் மாட்டுக்குத்தான் போட்டிருப்பார்கள். பேர் மாறவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒருத்தன் வந்தான். பட்டணத்துக் குமாஸ்தா, கிராப்புத் தலை. சிநேகிதர்களோடு ஞாயிறு தவறாமல் வருவான். தன் பேரிலும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. புங்கமரத்துக்கு எதிரே வந்து, “ஐயோ, ஐயோ” என்று கையை விரித்துத் தொப்பென்று விழுந்தான்.

அக்கா கிழங்கைக் கீழே வைக்கவே இல்லை. “எய்ந்திரு. இது வேசம்” என்றாள்.

அடுத்த ஞாயிறும் விழுந்தான். அதற்கடுத்த ஞாயிறு கரையோரத்துப் பாறைமேல் ஏறித் தலைகீழாக விழுந்தான். கரையில் படுத்திருந்த நாய் ஒன்று மிரண்டுபோய்த் தானும் தண்ணீரில் விழுந்தது. அன்றைக்கு அக்கா எழுந்து நின்று கூவினாள்: “நாய் மெரண்ட பாறை!” குமாஸ்தா அதன்பிறகு வரவில்லை.

ஒரு தடவை நில அளவைக்கு வந்த ஆள், சங்கிலியும் கொடியுமாக வந்து நின்று, ஓடைக்கு என்ன பேர் என்று கேட்டார். அக்கா கலங்கலில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். “இதெல்லாம் வேண்டாம்மா, மொத்தமா ஒரே பேர் சொல்லு” என்றார் அவர்.

“மொத்தமா எவன் வுயுந்தான், பேரு வெக்க?” என்றாள் அக்கா.

சிரிப்புக்குத்தான் இந்தப் பேர்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு கார்த்திகை மழையில், பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போன வண்டி ஓடைச் சேற்றில் இறங்கிவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தாழம்புதருக்கு அந்தப் பக்கமிருந்து வண்டிக்காரன், “செட்டியார் செருப்பு! செட்டியார் செருப்பு!” என்று கத்தினான். ஊரே எங்கேயும் தேடாமல் நேராக அங்கே ஓடி வண்டியைத் தூக்கிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதிலிருந்து செட்டியார் தன் செருப்பைப் பற்றித் தானே பேச்செடுக்க ஆரம்பித்தார்.

ஆனால் எனக்கு அக்காளைக் கண்டால் உதறல்தான். நாலு பேர் பார்த்தால் எனக்கு நடை மறந்துவிடும். எங்களுக்குப் பூத்தோட்டம். விடிந்ததும் முல்லை மொட்டைக் கூடையில் எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போக வேண்டும். ஓடையைக் கடந்தால் பக்கம். நான் அக்காளுக்குப் பயந்து ஏரிக்கரையைச் சுற்றிப் போவேன். போய்ச் சேர்வதற்குள் மொட்டுப் பாதி விரிந்துவிடும். விரிந்த பூவை யார் வாங்குவார்கள்? மாமா திட்டித் தீர்த்தபிறகு ஓடை வழியாகவே போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு காலையும் எடுத்து வைப்பதற்குள் இரண்டு தரம் யோசிப்பேன்.

“இன்னா நைனா, தண்ணிக்கு வலிக்கும்னு பாக்கறியா?” என்று மேட்டிலிருந்து குரல் வரும். “ஆறு வருசமா பாக்கறேன். ஒரு தபாகூட வுய மாட்டேன்றியே. உனக்குன்னு ஒரு எடம் பாத்து வெச்சிருக்கேன், காலியா கீது.”

நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. மூன்று இடத்தில் பெண் கேட்டு, மூன்று இடத்திலும் “பிள்ளைக்குப் பேச்சு வருமா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நாலாவதாக மாங்காட்டில் ஓர் இடம் அமைந்தது. பெண்ணின் தகப்பனார் அந்த ஊரில் பெரிய மனிதர். கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். கார்த்திகை மாதம் எங்கள் வீடு பார்க்க வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், தோட்டத்தைச் சுற்றினார், என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தை பிறந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வண்டி அக்கரையில் நின்றிருந்தது. வழியனுப்ப மாமாவும் நானும் ஓடை வரைக்கும் போனோம். தூறல் போட்டதால் குடையை விரித்துக்கொண்டு, சரிகை அங்கவஸ்திரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடு ஓடையில் ஒரு பாசிப் பாறை உண்டு. அதில் கால் வைத்தார். அடுத்த நிமிஷம் மார்பளவு தண்ணீரில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குடை மல்லாந்து, படகு மாதிரி சுற்றிச் சுற்றிக் கூவத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். அவள் முந்தானையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டாள். மாமா அவரைக் கைகொடுத்துத் தூக்கி அக்கரையில் ஏற்றினார். வண்டி கிளம்பித் தாழம்புதரைத் தாண்டித் திருப்பத்தில் மறையும் வரைக்கும் அக்கா தாக்குப் பிடித்தாள். அதற்குள் அவள் கண்ணெல்லாம் நீர் கட்டிவிட்டது. பிறகு முந்தானை விலகியது.

“மாங்காட்டார் சறுக்கல்!”

பேர் என்னைவிட வேகமாகப் பூந்தமல்லிக்குப் போயிற்று. பத்து நாளில் பூக்கடையில் ஒரு பெண், “மாங்காட்டார் சறுக்கலாண்ட தண்ணி எறங்கிட்ச்சா?” என்று இன்னொருத்தியைக் கேட்டாளாம். பக்கத்தில் சாமந்தி வாங்கிக்கொண்டிருந்தவர் மாங்காட்டாரேதான். மறுநாள் ஆள் வந்தது. “எங்க ஊர்ல ஒரு மண்டபம் என் பேர்ல கீது. அது போதும். வயுக்கி வுயற எடத்துக்கு என் பேரு வேணாம். அந்தப் பேரு போனாத்தான் வெத்தல பாக்கு” என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மாமா என்னை இழுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனார்.

“அக்கா, பையன் வாய்க்கைய கெடுத்துட்டியே. அந்தப் பேர எட்த்துடு.”

“நான் எங்க எடுக்கறது? ஊரு வாய்க்குப் பூட்ச்சே. அதே எடத்துல வேற ஒருத்தன் அவர விட பெருசா வுயணும். அப்பத்தான் பயசு போயி புச்சு வரும்.”

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“வேணும்னே வுயுந்தா எனக்குத் தெரியும்” என்றாள் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினாள். “காணும் பொங்கலன்னிக்கு பட்டணமே இங்கதான் வரும். எவனாச்சும் வுயாமயா பூடுவான்? அவர வந்து கண்ணால பாத்துக்கச் சொல்லு.”

மாங்காட்டார் வந்தார். வண்டி கட்டிக்கொண்டு, தன் தங்கை, மகன், கல்யாணத்துக்கு இருக்கும் மகள், ஓர் அண்டா நிறையப் புளிச்சோறு, எல்லாவற்றோடும் வந்தார். பாசிப் பாறைக்கு நேர் எதிரே ஜமக்காளம் விரித்து, நாடகம் பார்க்கிறவரைப் போல உட்கார்ந்துகொண்டார். சோறு ஆறட்டும் என்று அண்டாவைத் தண்ணீரோரம் ஈரமணலில் வைத்தார்கள். பெண் கரும்பைக் கடித்துக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் அவளை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். பார்த்துவிட்டு மணலைப் பார்த்தேன்.

அன்றைக்கு ஓடையில் நிற்க இடமில்லை. ஆனால் ஒருவரும் விழவில்லை. தோளில் ஒரு பிள்ளையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக ஒரு பருத்த மனிதர் பாறைமேல் ஏறி நின்று வெற்றிலை போட்டுவிட்டு இறங்கிப் போனார். கிராமபோன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். மாங்காட்டார் முட்டிக்கால் போட்டு எழுந்தே விட்டார். கிராமபோன் பத்திரமாக அக்கரை சேர்ந்தது. கள் குடித்துவிட்டு வந்த ஒருவன் நூல் பிடித்த மாதிரி நேராக நடந்து போனான்.

மாங்காட்டாருக்குப் பொறுமை போயிற்று. வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். “அண்ணாத்தே, அங்க ஆயம். இப்டி எடது பக்கமா வாங்க. அந்தப் பாற மேல கால வெய்ங்க. சும்மா வெய்ங்க.” ஒருவர் நன்றி சொல்லிவிட்டு அப்படியே கால் வைத்துப் போனார். விழவில்லை.

“இன்னாய்யா ஊரு இது?” என்று மாமாவிடம் எரிந்து விழுந்தார் மாங்காட்டார். “நான் ஒருத்தன்தான் வுயுவேனா?”

உச்சி சாய்ந்தது. மாமா என் காதில், “போடா. போயி வுயுடா. உன் கல்யாணம்டா” என்றார்.

எழுந்தேன். என் வாழ்க்கையில் அத்தனை கண்கள் என்னைப் பார்த்ததில்லை. இறங்கிப் போய்ப் பாசிப் பாறைமேல் நின்றேன். விழ வேண்டும். கால் விழ மாட்டேன் என்றது. ஆறு வருஷமாக விழாமலே நடந்து பழகிய கால். வழுவழுப்பான இடத்தில் வைத்தேன். விரல்கள் தாமாகவே பாறையைக் கவ்விக்கொண்டன. ஒற்றைக் காலில்கூட நின்று பார்த்தேன். தூண் மாதிரி நின்றது. சுற்றிலும் பேச்சு அடங்கிவிட்டது. அந்த அமைதியில் பெண்ணின் குரல் கேட்டது.

“அத்தே, அவுரு எதுக்கு தண்ணில ஒத்தக் கால்ல நின்னுகினுகீறாரு?”

“தெர்லடி. வேண்டுதல் போலகீது.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கல்யாணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கரைக்குத் திரும்பினேன். திரும்பும்போது ஒரே ஒரு தடவை அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அதுதான் தப்பு. மாங்காட்டார் வண்டி மாட்டைக் கட்டியிருந்த கயிறு காலில் மாட்டியது. கணுக்கால் தண்ணீரில், குழந்தைகூட விழாத இடத்தில், நான் முன்னால் பாய்ந்து அண்டாவைக் கட்டிப் பிடித்தேன். அண்டாவும் நானும் சேர்ந்து ஓடைக்குள் உருண்டோம். நான் எழுந்து உட்கார்ந்தபோது அண்டா கவிழ்ந்து மிதந்தது. தண்ணீரெல்லாம் புளிச்சோறு. எங்கிருந்துதான் அத்தனை கெண்டை மீன் வந்ததோ, என்னைச் சுற்றிக் குதித்துக் குதித்துத் தின்றன. என் தலையிலும் கொஞ்சம் சோறு இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் புங்கமரத்தைப் பார்த்தார்கள்.

அக்கா எழுந்து நின்றாள். எப்போதும் உடனே கூவுகிறவள், அன்றைக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், மாங்காட்டாரின் ஜமக்காளத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கூவினாள்.

“மாப்ள கவுந்த தொறை!”

ஓடை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மாங்காட்டார் மட்டும் எழுந்து நின்றார்.

“எந்த மாப்ள?”

“உங்க மாப்ளதான். வேற எவன் உங்க சோத்த வந்து கவுப்பான்?”

“நான் இன்னும் வெத்தல மாத்தலியே! மொதல்ல என் பேரு இன்னா ஆச்சி? அது போச்சா?”

“அது எப்டி போவும்? அது வேற எடம், இது வேற எடம். ரெண்டும்தான் கீது.”

“அப்ப நான் பொண்ணு குடுக்க மாட்டேன்.”

அக்கா நிதானமாக ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“உங்க இஷ்டம் பெரியவரே. எனக்கின்னா? ஆனா இனிமே இங்க வரவன் போறவன் எல்லாம், எந்த ஊட்டு மாப்ளன்னு கேப்பான். பொண்ணு குடுத்துட்டீங்கன்னா, தோ மாங்காட்டு மாப்ளன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவேன். குடுக்கலன்னா, நான் கதைய மொதல்லருந்து சொல்லணும். குடையிலருந்து.”

மாங்காட்டார் பட்டணத்துக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கதை கேட்கத் தயாராக ஏற்கெனவே மேட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீரில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“டேய்,” என்று மகனைக் கூப்பிட்டார். “வண்டியில வெத்தல இருந்தா எட்றா.”

மறுநாள் விடியற்காலை பூக்கூடையோடு ஓடைக்கு வந்தபோது, அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் நானாகப் போய் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தது அப்போதுதான்.

“அக்கா, கண்டதத்தான் சொல்வேன்னு சொல்வியே. நேத்து நீ கூவறப்ப நான் மாப்ளையே இல்லியே. அப்புறம்தானே வெத்தல மாத்தினாங்க?”

அவள் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

“கண்டுதான் சொன்னேன் நைனா. நீ வுயுந்தப்ப அண்டா போச்சே, சோறு போச்சேன்னு எல்லாரும் அண்டாவ பாத்தாங்க. அந்தப் பொண்ணு மட்டும் கரும்ப போட்டுட்டு எய்ந்து உன்ன பாத்துச்சி. நான் அதத்தான் பாத்தேன்.”